கப்பல் ஊழியர்களின் குற்றப் பின்னணியை யார்தான் பார்க்கிறார்கள்?

கிளமெண்டி_கலா:
ஜூன் பள்ளி விடுமுறையில் நாலு இரவு கப்பலில் போய் வந்தோம். இங்கே சிங்கப்பூரில் மரினா பேயில் ஏறி பினாங்கு, புக்கெட், திரும்ப இங்கே. மூன்றாம் நாள் மதியம் நானும் அவரும் மேல்தளத்தில் இருந்தோம். 12 வயது மகள் அறையில் தனியாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அறை சுத்தம் செய்பவர் கதவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த நொடியே அட்டையை வைத்துத் திறந்துவிட்டார். அவளைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டு மூடிவிட்டார். நடந்தது அவ்வளவுதான்.

அவர்தான் தினமும் துண்டைக் குரங்கு மாதிரி மடித்து ஹேங்கரில் தொங்கவிடுவார், மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதுவரை பாசமாகத் தெரிந்தது, அன்றைக்குப் பிறகு அப்படித் தெரியவில்லை. கீழே வரவேற்பில் போய், ‘இவர்களை எடுக்குமுன் போலீஸ் பதிவு பார்க்கிறீர்களா, யார் பார்க்கிறார்கள்’ என்று கேட்டேன். பயணிகள் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் கேட்டது என்ன, அவர்கள் சொன்னது என்ன?

2024இல் அமெரிக்காவில் ஒரு கப்பலின் அறைப் பணியாளர் பயணிகளின் குளியலறைகளில் கேமரா ஒளித்து வைத்துப் பிடிபட்டு, சிறுமிகளைப் படம் எடுத்ததற்காக 30 வருடச் சிறைத் தண்டனை வாங்கினார். இங்கிருந்து கிளம்பும் கப்பல்களில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் நம் அரசாங்கமே சோதித்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தால் என்ன?

பழைய_கேபின்_பையன்:
அக்கா, நான் ஏழு வருடம் அதே வேலை பார்த்தவன், இப்போது ஜூரோங்கில் இருக்கிறேன். தட்டணும், குரல் கொடுக்கணும், காத்திருந்து மறுபடி தட்டணும். அப்புறம்தான் அட்டை. அவர் செய்தது தப்பு, நீங்கள் அன்றைக்கே புகார் கொடுத்திருக்கலாம்.

ஆனால் பின்னணியே பார்ப்பதில்லை என்பது சரியில்லை. நான் சேர்ந்தபோது போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், சிடிசி புத்தகம் (கப்பலில் வேலை பார்த்ததைப் பதியும் புத்தகம்), எல்லாம் கேட்டார்கள். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல் என்றால் கப்பல் ஊழியர்களுக்கான சி1/டி விசா வேறு, தூதரகத்தில் விரல் ரேகை எடுப்பார்கள்.

அந்தப் போலீஸ் சான்றிதழ் கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு காவலர் பைக்கில் வந்தார். அம்மா காபி கொடுத்தார். காவலர் எதிர்த்த டீக்கடைக்காரரிடம் “பையன் எப்படி?” என்றார். “தங்கமான பையன் சார்” என்றார் அவர். கையெழுத்து விழுந்தது. நான் தங்கமான பையன்தான், அது வேறு விஷயம். ஆனால் அந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம்? நான் அதுவரை எங்கள் ஊர் ஸ்டேஷனில் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

செங்காங்_சேகர்:
தம்பி, கலா சொல்வதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். டீக்கடைக்காரர் வார்த்தையை நம்பி என் பிள்ளை தூங்கும் அறையின் சாவியை ஒருவர் கையில் கொடுப்பதா? இங்கே பாலர் பள்ளியில் சேரும் ஆசிரியரையே சோதித்துத்தான் எடுக்கிறார்கள். சோதிக்காத கப்பல் இங்கே வரக் கூடாது, கதை முடிந்தது.

யீஷூன்_மாமா:
சேகர், எதை வைத்துச் சோதிப்பீர்கள்? ஒரு பெரிய கப்பலில் பல பத்து நாட்டு ஆட்கள். இந்தோனேசியாவின் சுலவேசியில் ஒரு கிராமத்து வழக்கு நம் போலீஸ் கணினியில் எப்படி இருக்கும்? கடைசியில் அவரவர் நாட்டுக் காகிதத்தைத்தான் வாங்கிப் பார்க்க வேண்டும். மறுபடி அதே டீக்கடை.

நான் கப்பல் துறையில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு இதைவிடப் பெரிய தலைவலியாகத் தெரிவது கொடி. கப்பல் இங்கே கட்டியிருக்கும்போது குளியலறையில் கேமரா வைத்தால் நம் சட்டம் பாயும். 2020 ஜனவரி 1 முதல் மறைந்திருந்து படம் எடுப்பது இங்கே தனிக் குற்றம். நடுக்கடலுக்குப் போய்விட்டால் கப்பல் எந்தக் கொடியில் பதிவானதோ அந்த நாட்டுச் சட்டம். பஹாமாஸ் கொடி என்றால் பஹாமாஸ். புக்கெட் போகும் வழியில் நடந்ததற்கு நீங்கள் நாசாவில் போய் நிற்க முடியுமா? (பஹாமாஸ் தலைநகரைச் சொல்கிறேன், ராக்கெட் விடுபவர்களை இல்லை.)

அமெரிக்கா 2010இல் ஒரு சட்டம் போட்டது. குறைந்தது 250 பயணிகளை ஏற்றக்கூடிய, அவர்கள் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பல் என்றால் அறைக் கதவில் வெளியே பார்க்கும் துளை, தளத்தின் ஓரத்தில் 42 அங்குலக் கைப்பிடி, எந்த ஊழியர் எப்போது அறைக்குள் போகலாம் என்று எழுதிவைத்த விதி எல்லாம் வேண்டும். பெரிய குற்றம் என்றால் எஃப்பிஐக்குச் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கையை அவர்கள் போக்குவரத்துத் துறை வெளியிடுகிறது, பயணி செய்தது தனி, ஊழியர் செய்தது தனி. நாம் கேட்பதானால் இதைக் கேட்கலாம்.

கிளமெண்டி_கலா:
மாமா, அந்தச் சட்டம் இருக்கும் நாட்டுத் துறைமுகத்துக் கப்பலில்தானே அவன் கேமரா வைத்தான்?

யீஷூன்_மாமா:
சரிதான் அம்மா. அமெரிக்கத் துறைமுகம் என்பதால் அவனுக்கு விசாச் சோதனையும் ஆகியிருக்கும். அந்தச் சட்டமும் அவனைப் பிடிக்கவில்லை, விசாச் சோதனையும் பிடிக்கவில்லை. பிடித்தது ஒரு பயணி, குளியலறையில் கை கழுவும் தொட்டிக்கு அடியில் கேமராவைப் பார்த்தவர்.

மீண்டும்_நடப்பவன்:
நடுவில் நுழைகிறேன். 19 வயதில் அடிதடி வழக்கில் உள்ளே போனவன் நான். இங்கே மூன்று மாதத்துக்கு மேற்படாத தண்டனை என்றால், ஐந்து வருடம் சுத்தமாக இருந்தால் பதிவு கழிந்ததாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதைவிடக் கூடுதல், ஆகவே கழியாது. பிறகு சமையல் படித்தேன். ஒரு கப்பலின் சமையலறைக்கு விண்ணப்பித்தேன், நேர்காணலில் எல்லாம் சரி, பதிவைப் பார்த்ததும் வேண்டாம் என்றார்கள். வெங்காயம் நறுக்கும் வேலை. சாவி கூடக் கையில் கிடையாது. சேகர் அண்ணே, உங்கள் “கதை முடிந்தது” என்னைப் போன்றவன் தலையில்தான் முதலில் விழும்.

செங்காங்_சேகர்:
உங்களைச் சொல்லவில்லை தம்பி. குழந்தைகள் மீதான குற்றம், பாலியல் குற்றம், இவற்றைத்தான் சொல்கிறேன். நான் எழுதியதில் அது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காகிதம் எல்லாரையும் பிடிக்காது என்பதற்காகக் காகிதமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பூட்டை உடைக்கிறான் என்று யாரும் கதவைக் கழற்றிப் போடுவதில்லை.

பழைய_கேபின்_பையன்:
வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை அண்ணே. ஓட்டை எங்கே என்று சொல்கிறேன். என்னோடு வேலை செய்த ஒருவன் பயணியிடம் வரம்பு மீறினான். பெயரும் கப்பலும் வேண்டாம். அந்தப் பெண் போலீஸ் வரை போக விரும்பவில்லை. அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கி விமானம் ஏற்றிவிட்டார்கள். வழக்கு இல்லை, ஆகவே ஊரில் அவன் பதிவு வெள்ளைத்தாள். ஆறேழு மாதம் கழித்து வேறு கம்பெனிச் சீருடையில் அவன் படத்தை முகநூலில் பார்த்தேன். எந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழ் அவனைப் பிடிக்கும்? இறக்கிவிட்ட கம்பெனி ஏன் இறக்கினோம் என்று அடுத்த கம்பெனிக்குச் சொல்லியிருந்தால்தான் உண்டு.

மீண்டும்_நடப்பவன்:
நான் மாட்டியதால் கெட்டவன், அவன் மாட்டாததால் நல்லவன்.

கிளமெண்டி_கலா:
இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் வரவேற்பில் நான் கேட்டிருக்க வேண்டியது வேறு: இவருக்கு முந்தின கம்பெனி எது, அங்கிருந்து ஏன் வந்தார், நீங்கள் கேட்டீர்களா? சேகர் சொல்வதையும் நான் விடவில்லை, இரண்டும் வேண்டும்.

தம்பி, ஒன்று சொல்லுங்கள். அட்டை வைத்துத் திறப்பது எங்காவது பதிவாகுமா?

பழைய_கேபின்_பையன்:
ஆகும் அக்கா. எந்த அட்டை, எத்தனை மணி, எத்தனை நிமிடம், எல்லாம். ஒரு தடவை நான் மேசைமேல் இருந்த கடிகாரத்தைத் திருடினேன் என்று புகார் வந்தது. அந்தப் பதிவுதான் என்னைக் காப்பாற்றியது, அன்றைக்கு நான் அந்த அறைக்கே போகவில்லை. வரவேற்பில் கேட்காதீர்கள். கப்பலின் பாதுகாப்பு அதிகாரிக்கு என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அவர் வேறு எப்போதெல்லாம் திறந்தார் என்பதும் அதில் இருக்கும். தருவார்களா என்பது அவர்கள் கையில், ஆனால் கேட்டது கோப்பில் ஏறும்.

கிளமெண்டி_கலா:
மின்னஞ்சல் போட்டாயிற்று. அறை எண், தேதி, மதியம் 2.20 சுமாருக்கு. நாலு நாளுக்கான பதிவும் கேட்டிருக்கிறேன். வந்தால் இங்கேயே போடுகிறேன், வராவிட்டாலும்.