பட்டை ரம்பத்தின் வாயில் உட்காரும் வில்லை: என்ன பெயர் வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

நம் தச்சுக் கலைச்சொல் பட்டியலுக்காக, பட்டையை ஒட்டிய பிளவுள்ள இந்த வில்லைக்குச் சென்ற மடலில் வந்த முன்மொழிவு இது:

> சுழி இடைவெளித் தொண்டைத் தகடு

இந்தச் சொல்லைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘ஜீரோ கிளியரன்ஸ் த்ரோட் பிளேட்’ என்ற ஆங்கிலப் பெயரை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துத் தமிழ் ஒட்டியிருக்கிறோமே தவிர, பொருளை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. மூலச்சொல்லைப் பெயர்ப்பதா, பொருளைப் பார்த்துப் பெயரிடுவதா என்பது 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் வைத்த காலத்திலிருந்தே நமக்குள் தீராத வழக்கு. நான் பொருளின் பக்கம்.

பட்டை ரம்பத்தைப் பட்டறையில் எல்லாரும் பேண்ட்சா என்றுதான் சொல்வோம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த பட்டை. அது மேசையின் நடுவே ஒரு துளை வழியாகக் கீழே இறங்குகிறது. அந்தத் துளைக்கு மெஷினோடு ஒரு வட்ட வில்லை தருவார்கள், அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ. அதன் பிளவு நன்றாக அகன்றிருக்கும். மேசையை 45 பாகை சாய்த்தாலும் பட்டை அதில் உரசக் கூடாது அல்லவா, அதற்காக.

வம்பு அந்த அகலத்தில்தான். கோத்தகிரியில் எங்களுக்கு அதிகம் கிடைப்பது தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக். சிறிய பெட்டிகளுக்கு ஓரச் சட்டம் அறுக்கும்போது தீக்குச்சி கனத்தில் சிம்பு விழும். அது பிளவுக்குள் செங்குத்தாக இறங்கி, பட்டைக்கும் வில்லைக்கும் நடுவே ஆப்பாக இறுகிவிடும். டக்கென்று ஒரு சத்தம், பட்டை ஒரு பக்கம் ஒதுங்கும், கோடு போய்விடும். இன்னொன்று, பல் மேலிருந்து கீழாக வெட்டுகிறது. அடியில் தாங்கல் இல்லாத இடத்தில் நார் பிய்ந்து, பலகையின் கீழ்முகம் சொரசொரவென்று வரும்.

இதற்கு நாமே ஒரு வில்லை செய்து போடுகிறோம். பழைய வில்லையைப் பலகைமேல் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, கோட்டுக்கு வெளியே அறுத்து, பள்ளத்தில் ஆடாமல் உட்காரும்வரை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கனம் முக்கியம். மேசை மட்டத்தைவிட இம்மி உயர்ந்தாலும் தள்ளுகிற மரம் அதில் இடறும். காகிதக் கனம் தாழ்ந்தால் பரவாயில்லை, அடியில் டேப் ஒட்டி மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்யாதீர்கள். இங்கே வடகிழக்குப் பருவமழையில் அது ஈரம் குடித்து ஊதிப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். சுத்தியலால் அடியிலிருந்து தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நான் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையில் செய்கிறேன். அதற்கு வெயிலும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான்.

பிளவை அறுப்பதுதான் இதன் உயிர். புது வில்லையை இரட்டைப் பக்க டேப்பால் ஒரு நீளப் பலகையின் முதுகில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெறும் விரலில் பிடித்தால் வட்டத் துண்டு சுழன்று கையை இழுத்துவிடும். ரம்பத்தை ஓட்டி, விளிம்பிலிருந்து நடுப்புள்ளிவரை மெதுவாகத் தள்ளி, ஓட்டத்தை நிறுத்தி, பட்டை முழுக்க நின்ற பிறகே வெளியே இழுக்க வேண்டும். அந்தப் பட்டை தன் வழியைத் தானே அறுத்துக்கொண்டது. அதைவிட ஒட்டிய பிளவை வேறு எந்தக் கருவியாலும் போட முடியாது.

இப்போது பெயருக்கு வருவோம். ‘சுழி இடைவெளி’ என்பது உண்மையல்ல. ரம்பத்தின் பற்கள் இடமும் வலமுமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். அதனால் பிளவு எப்போதும் பட்டையின் கனத்தைவிட அகலம்தான். பட்டையின் உடம்புக்கு இருபுறமும் காற்றோட்டம் உண்டு. இடைவெளி உண்மையிலேயே சுழியானால் உரசிச் சூடேறும். புதிதாகப் படிக்கிற பையனிடம் சுழி என்று சொன்னால் அவன் அளவுகோலோடு வந்து நிற்பான்.

தொண்டையும் வேண்டாம். தமிழில் திறப்புக்கு வாய் என்றுதான் பெயர்: பானை வாய், மடைவாய், சாக்கு வாய். இழைப்புளியில் உளி எட்டிப் பார்க்கிற இடமும் வாய்தான். தகடு என்றாலோ செம்பும் இரும்பும்தான் நினைவுக்கு வரும். பட்டையின் பல் படுகிற இடத்தில் ஒருவன் இரும்புத் தகட்டை வெட்டி வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மாத்திரையையும் முத்திரையையும் வில்லை என்று சொல்லிப் பழகிய நாக்கு நம்முடையது. வட்டமாக, தட்டையாக இருக்கும் இதற்கும் அது பொருந்தும்.

ஆகவே என் முன்மொழிவு: ஒட்டுவாய் வில்லை. சுவரை ஒட்டி, கரையை ஒட்டி என்று சொல்லும்போது நாம் இடைவெளியை அளப்பதில்லை. நடுவில் வேறொன்று நுழைய இடமில்லை என்கிறோம். இங்கே நடப்பதும் அதுவே. மெஷினோடு வருவதை அகல்வாய் வில்லை என்று சொல்லிவிட்டால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

கோத்தகிரியிலிருந்து

---

வணக்கம் ஐயா.

‘வாய்’ எனக்கு முழுச் சம்மதம். ‘ஒட்டு’தான் உறுத்துகிறது. பிளைவுட்டை ஒட்டுப்பலகை என்று ஏற்கெனவே பட்டியலில் சேர்த்துவிட்டோம். ஒட்டுவாய் வில்லை என்றதும் ஒட்டுப்பலகையில் செய்த வில்லை என்றுதானே படிப்பார்கள்? ‘பொருந்துவாய் வில்லை’ என்றால் என்ன?

வட்ட ரம்ப மேசைக்கு வருவது வட்டமே இல்லை, நீளமான துண்டு. அங்கே வில்லை நிற்காது.

மதுரையிலிருந்து

---

வணக்கம் ஐயா.

ஒட்டுப்பலகையில் ‘ஒட்டு’ பலகையைச் சேர்ந்தது. இங்கே வாயைச் சேர்ந்தது. ‘ஒட்டு வில்லை’ என்று சுருக்கினால் நீங்கள் சொல்லும் குழப்பம் கட்டாயம் வரும். அதனால் பட்டியலில் சுருக்க வடிவம் தர வேண்டாம். ‘பொருந்துவாய்’ பிழையில்லாத சொல்தான். ஆனால் தொழிற்சாலை வில்லையும் மேசையில் பொருந்தித்தானே உட்காருகிறது? எதற்கும் எதற்கும் பொருத்தம் என்பதை அந்தச் சொல் காட்டவில்லை. பட்டறையில் பக்கத்தில் நிற்பவரிடம் “வாளை (பட்டையை) ஒட்டின மாதிரி வாய் வேணும்” என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார். அந்தப் பேச்சிலிருந்துதான் எடுத்தேன்.

வட்ட ரம்பத்துக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே ஒட்டுவாய்ப் பட்டி என்று வைக்கலாம். மாறுவது துண்டின் வடிவம்தான், ஒட்டுவாய் இரண்டுக்கும் பொது.

ஒன்று விட்டுப்போனது. மேசையைச் சாய்த்து அறுக்கும்போது நேர் நிலையில் அறுத்த வில்லை உதவாது; அந்தச் சாய்விலேயே வேறொன்று அறுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சாய்வு ஒட்டுவாய் வில்லை என்று தனிப்பதிவாகப் போட்டுவிடுங்கள். கால் அங்குலப் பட்டைக்கும் அரை அங்குலப் பட்டைக்கும் வில்லை வேறு வேறு என்றாலும் பெயர் ஒன்றே போதும். எந்தப் பட்டைக்கு என்பதை வில்லையின் முதுகில் பேனாவால் எழுதி வைப்பதுதான் வழக்கம்.

கோத்தகிரியிலிருந்து