மறுமொழி: சந்திக் கடைக் கட்டட நிதி – காசு யார் பேருக்கு?

எல்லாருக்கும் வணக்கம்.

ஊர்ச் சந்தியில இருக்கிற நம்மட சாப்பாட்டுக் கடையைத் திருத்தப் பதினைஞ்சு லட்சம் ரூபா சேர்த்து லண்டன் அண்ணன்ட கணக்குக்கு அனுப்பச் சொல்லிச் சங்கச் செயலாளர் தம்பி போன கிழமை போட்ட மடலையும் அதுக்கு டொரன்டோ மச்சான் எழுதினதையும் வாசிச்சன். சூரிச்சில இருந்து ஊருக்குப் போன மருமகள் அனுப்பின படங்களையும் பார்த்தன். பின் சுவர் வெடிச்சிருக்கு, கூரை வளை உளுத்துப்போய்க் கிடக்கு, அடுப்படிக்கு மேல ஓட்டுக்குப் பதிலாத் தறப்பாள் கட்டியிருக்கு. திருத்தத்தான் வேணும்.

ஆனா காசை லண்டன் அண்ணன்ட கணக்குக்கு அனுப்பச் சொன்னது என்னத்துக்கு? பலகையில அவர்ட அப்பாட பேர் இருக்கு எண்டதாலயா? அந்தக் கடை ஒரு நாளும் ஆம்பிளைகள்ட சொத்தா இருந்ததில்ல. நம்மட பாட்டி, பெத்தாவுக்குச் சீதனமா எழுதின வளவு அது. பெத்தா மாமிக்கு எழுதினா, மாமி இப்ப கடை நடத்துற மச்சாளுக்கு எழுதினா. மூண்டு காணி உறுதியும் பொம்பிளைகள்ட பேரில. தாய்வழியில சொத்துப் போற மட்டக்களப்புப் பக்கத்துப் பழைய முக்குவச் சட்டம் கோட்டில செல்லாமப் போய் நூறு வருசத்துக்கு மேல. எண்டாலும் வீடு வளவு பொம்பிளப் புள்ளைக்கு எண்டது நம்மட பக்கம் இண்டைக்கும் நடக்குது. கலியாணம் முடிச்சு வந்த மாப்பிள்ளைமார் கல்லாவில இருந்தாங்க, பலகையில பேரும் எழுதினாங்க. மா இடிச்சது, குழலில பிட்டு அவிச்சது, ஆருக்குக் கடன் குடுக்கிறது எண்டு முடிவெடுத்தது எல்லாம் அடுப்படியில நிண்டவங்க.

"தனியார் வியாபாரத்துக்குச் சங்கக் காசு ஏன்?" எண்டு மச்சான் கேட்டிருக்கிறார். அந்தக் கடன் கொப்பியை மறந்திட்டீங்களா மச்சான்? விதைப்புக் காலத்தில வயல் வட்டைக்குப் போற முல்லைக்காரன், அதான் போடியார்மார்ட வயலில வேலை செய்றவன், காசு குடுத்துச் சாப்பிட்டதில்ல. கொப்பியில பேர் ஏறும். வெள்ளாம வெட்டி, சூடு மிதிச்சாப் பிறகு மரைக்கால் கணக்கில நெல்லு வரும். வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானையாரும் அதே வாங்கில இருந்துதான் சாப்பிட்டார். வயல்காணி நிறைய வச்சிருந்த போடியாருக்கெண்டு தனிக் கதிரை போடப் பெத்தா சம்மதிக்கவே இல்ல. அந்தக் கோவத்தில ஒரு போடியார் மூண்டு போகம் கடைப்பக்கமே வரல்ல. அவ அசையல்ல. மழை இல்லாம வயல் காஞ்ச வருசம் கொப்பியில எத்தனையோ பக்கத்தைக் கோடு போட்டு அடிச்சா. உங்கட வீட்டுப் பக்கமும் அதில ஒண்டு. இதுக்கு மேல எழுத மாட்டன்.

1978 நவம்பர் 23 சூறாவளியில கூரை முழுக்கப் போனது. அடுத்த நாள் வெட்டையில கல்லு வச்சு அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினாங்க. 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில இருந்த சனத்துக்குப் போன சோறும் அந்த அடுப்பில வெந்ததுதான். ஆரும் கேட்டுச் செய்யல்ல, ஆரும் காசும் குடுக்கல்ல.

உகந்தை முருகன் கோயில் வழியாக் கதிர்காமத்துக்கு நடந்து போற சாமிமாரை அந்தப் படி தாண்ட விடமாட்டாங்க. பிட்டும், கறுத்த வாழைப்பழமும், சட்டியோட எருமைத் தயிரும். தயிரை அகப்பையால வெட்டித்தான் வைக்கணும், அவ்வளவு கட்டி. வைகாசியில கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தா, அம்மனைக் குளிர்விக்கிற கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் வரைக்கும் மீன் சட்டி அடுப்பில ஏறாது. மற்றக் கடைக்காரர் அந்த நாளில நல்லா உழைச்சாங்க. மாமி அதைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னதில்ல. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் தீர்த்தத்துக்குப் போற சனத்துக்காக ராவிராவா மா வறுத்த வாசம் இப்ப எழுதக்குள்ளயும் வருது.

அண்ணன் அனுப்பின வரைபடத்தில அந்த விறகடுப்பு இல்ல. கண்ணாடிக் கதவு, ஏசி, கேஸ் அடுப்பு. 2022ல கேஸ் இல்லாமச் சனம் சிலிண்டரோட வரிசையில நிண்ட மாதங்களில எத்தனை சாப்பாட்டுக் கடை பூட்டிக் கிடந்தது! நம்மட கடை ஒரு நேரமும் பூட்டல்ல. அந்த அடுப்பை உடைக்கிறதுக்கு நான் ஒரு சதமும் தரமாட்டன். மச்சாளோட நேற்றுப் பேசினன். "கூரையும் பின் சுவரும் போதும் கா, மிச்சத்தை நான் பார்ப்பன்" எண்டா. அவவிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா பதினைஞ்சு லட்சத்துக்கு மடல் போட்டீங்க?

செயலாளர் தம்பி, காசு நேராக மச்சாள்ட வங்கிப் புத்தகத்துக்குப் போகட்டும். ஓட்டுக்கும் மரத்துக்கும் வாங்கின பற்றுச்சீட்டை அவ படமெடுத்துக் குழுவுக்குப் போடுவா, கேட்டுட்டன். இலவசமாவும் வேணாமாம், வட்டியில்லாக் கடனா எழுதச் சொல்றா. 2004ல நாம சேர்த்த காசின்ட கணக்கையும் இந்த முறை கூட்டத்தில வைங்க. அது இன்னும் வரல்ல.

என்ட பங்கு ஒரு லட்சம் ரூபா இந்த மாதமே போகும். ஐப்பசி மழைக்கு முன்ன கூரை ஏறணும். சிறுபோக வெட்டுத் தொடங்கினாக் கூலிக்கு ஆள் கிடைக்காது, அதால மேசனுக்கும் தச்சனுக்கும் இப்பவே சொல்லச் சொல்லி மச்சாளிட்டச் சொல்லியிருக்கன்.

அன்போட,
ஒஸ்லோ அக்கா