ஏடிவி (நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்) பின் பிரேக் பேட் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை, உதவி தேவை

கந்தப்பளை லீக்ஸ்: வணக்கம், அவசரம். பின் பேட் மூன்றாவது தடவையும் தேய்ந்து இரும்பு டிஸ்க்கில் உரசுகிறது. முன் பேட் வாங்கியபடியே இருக்கிறது. நாளை மறுநாள் உர மூட்டை ஏற்ற வேண்டும். எந்தப் பேட் நல்லது?

ஹட்டன் கராஜ்: என்ன மொடல்? கியரா, ஓட்டோமேட்டிக்கா? இரண்டு பேட்டும் சமமாகத் தேய்கிறதா, ஒன்று மட்டுமா?

ராகலைக்காரன்: சேறுதான், வேறொன்றுமில்லை. பின் டிஸ்க் அச்சோடு தாழ்வாக இருப்பதால் தோட்டத்துப் பாதைச் சேறு முழுக்க அங்கேதான் போகும். ஓர்கானிக் பேட்டை மணல் அரைத்துவிடும். உலோகத் தூளைச் சுட்டு இறுக்கிய சின்டர்ட் பேட் போடுங்கள், எனக்கு ஒரு வருஷம் வந்தது.

முப்பது வருஷ பாஸ்: தம்பி, மொடல் சொல்லாமல் மருந்து கேட்டால் யார் சொல்வது? இங்கே பல தடவை எழுதிவிட்டேன். முதலில் பின் சக்கரத்தைத் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேட்டை மாற்றி மாற்றிக் காசு கரைப்பதில் பயனில்லை. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பர் விடவில்லை என்று அர்த்தம்.

கந்தப்பளை லீக்ஸ்: மன்னிக்கவும் ஐயா. ஓட்டோமேட்டிக், பெல்ட் வண்டி. பின்னால் ஒரே டிஸ்க். உள் பேட்தான் சுத்தமாகத் தேய்ந்திருக்கிறது, வெளிப் பேட்டில் பாதி மிச்சம். இறக்கத்தில் கால் பிரேக் மட்டும்தான் மிதிப்பேன், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விடுவேன்.

ஹட்டன் கராஜ்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! உள் பேட் மட்டும் தேய்ந்தால் கலிப்பர் நகர உதவும் இரும்பு ஊசி, அதாவது பின் (pin), துருப்பிடித்திருக்கும், இல்லை பேட்டைத் தள்ளும் பிஸ்டன் திரும்பிப் போகாமல் நிற்கும். அந்த ஊசியைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

ராகலைக்காரன்: நியூட்ரலிலா? கந்தப்பளை இறக்கத்தில் மூட்டையோடு நியூட்ரலில் வருவது உயிரோடு விளையாடுவது.

வெலிமடை கரட்: நான் பதினைந்து வருஷமாக அப்படித்தான் வருகிறேன். பெட்ரோல் விலைக்கு வேறு வழி?

ராகலைக்காரன்: இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் கியரில் விட்டு இறங்கும்போது பெரும்பாலும் பெட்ரோலே போகாது. நியூட்ரலில்தான் இஞ்சின் அணையாமல் இருக்கக் குடிக்கும். மிச்சம் எங்கே?

வெலிமடை கரட்: என்னுடையது கார்பரேட்டர். உங்கள் கணக்கு எனக்குப் பொருந்தாது.

முப்பது வருஷ பாஸ்: இருவரும் நிறுத்துங்கள். தம்பி, லோ கியரில் இறங்குங்கள். பல பெல்ட் வண்டிகளில் வேகம் குறைந்தால் பெல்ட் விட்டுவிடும், இஞ்சின் பிடிக்காது, அதனால் ஹைக்கு லோ எவ்வளவோ மேல். இறக்கத்தில் பாரம் முன்பக்கம் சாயும், முன் பிரேக்தான் அதிகம் பிடிக்க வேண்டும். நீங்கள் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் அந்த ஒரு டிஸ்க் எத்தனைதான் தாங்கும்? சூடேறினால் பழைய பிரேக் ஒயில் கொதித்து, பெடல் அப்படியே அடியில் இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பிரேக் ஒயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் டொட் எண்ணை, அதாவது ஒயிலின் வகையை, பார்த்து அதையே ஊற்றுங்கள்.

வெலிமடை கரட்: ஒயில் விஷயம் எனக்கும் தெரியாது. நன்றி பாஸ்.

ஹட்டன் கராஜ்: இன்னொன்று. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருந்தாலும் பேட் எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கும். அதையும் தளர்த்திப் பாருங்கள்.

கந்தப்பளை லீக்ஸ்: கலிப்பர் ஊசி ஒட்டிக்கொண்டிருந்தது, சுத்தியலால் தட்டித்தான் வந்தது. கேபிளும் இறுக்கம்தான். இரண்டையும் சரி செய்து, ஒயிலும் மாற்றினேன். இப்போது சக்கரம் லேசாகச் சுற்றுகிறது. எல்லோருக்கும் நன்றி, மூட்டை ஏற்றப் போகிறேன்.

ஹட்டன் கராஜ்: கொஞ்சம் பொறுங்கள்! இரும்பு உரசிய டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்? குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளந்தீர்களா?

ராகலைக்காரன்: தம்பி, இருக்கிறீர்களா?