24 நாட் வேகம் 18 ஆனால் எரிபொருள் பாதிக்கு மேல் மிச்சமாம்!

எஞ்சின் அறை:
தாக்குதல்களுக்கு அஞ்சிச் செங்கடலைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் கொள்கலன் கப்பல்களைப் பற்றிய காணொளி ஒன்று குழுக்களில் சுற்றி வருகிறது. வேகத்தை மணிக்கு 24 கடல் மைலிலிருந்து (24 நாட்) 18 ஆகக் குறைத்தால் எரிபொருள் பாதிக்கு மேல் மிச்சம் என்றும், ஆகவே சுற்றுவழியால் நிறுவனங்களுக்கு நட்டமே இல்லை என்றும் அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இயந்திர அறையில் பல ஆண்டுகள் வெந்தவன் கேட்கிறேன்: அந்தப் 'பாதிக்கு மேல்' எங்கிருந்து வந்தது? வேகம் குறைந்தால் பயண நாட்கள் கூடும் என்பதுகூடத் தெரியாதவர்கள் கடலைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது.

வரைபட மேசை:
அவர் சொன்னது பாலபாடம், ஐயா. இயந்திரத்துக்குத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறி இறங்கும். 18ஐ 24ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 0.42 வரும், மிச்சம் 58 விழுக்காடு. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்ததும் இந்தக் கணக்கை நம்பித்தான். 58 பாதிக்கு மேலா, இல்லையா?

எஞ்சின் அறை:
அது ஒரு நாளுக்கான கணக்கு. 24 நாட் வேகத்தில் நாளொன்றுக்கு 200 டன் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 12,000 கடல் மைலுக்கு 500 மணி நேரம், ஏறத்தாழ 4,170 டன். 18இல் நாளுக்கு 84 டன்தான், ஆனால் 667 மணி நேரம் எரிக்க வேண்டும். மொத்தம் 2,340 டன். மிச்சம் 44 விழுக்காடு. இதிலும் முதன்மை இயந்திரத்தை மட்டுமே சேர்த்திருக்கிறேன். குளிர்பதனப் பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் துணை இயந்திரங்கள், கூடுதலாகப் பிடிக்கும் ஏழு நாட்களும் தங்கள் பங்கைக் குடிக்கும். 44 பாதிக்கு மேலா?

வரைபட மேசை:
உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாக 8,500 கடல் மைலை 24இல் கடந்தால் 2,950 டன். முனை வழியாக 12,000 கடல் மைலை 18இல் கடந்தால் 2,340 டன். தூரம் கூடியும் எரிபொருள் குறைகிறது. கால்வாய்க் கட்டணமாகப் பல லட்சம் டாலரும் மிச்சமாகிறது. காணொளியின் சாரம் சரிதான். தலைமைப் பொறியாளர்களுக்கு அன்றாடம் எரிபொருள் கணக்கு எழுதும் நண்பகல் அறிக்கையில் ஒரு டன் கூடினாலே தலைவலி வருவதால், மொத்தப் படம் கண்ணில் படுவதில்லை போலும்.

எஞ்சின் அறை:
சூயஸ் வழியில் 2023இல் யார் ஐயா 24இல் ஓட்டினார்கள்? செங்கடல் நெருக்கடிக்கு முன்பே பெரும்பாலான கப்பல்கள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தன. சூயஸ் வழியிலும் 18 என்று வைத்துப் பாருங்கள்: 1,660 டன். இப்போது முனை வழி ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல். ஓட்டாத வேகத்தோடு ஒப்பிட்டு இலாபம் காட்டுவது எந்த ஊர்க் கணக்கு? நான் கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை: 44 பாதிக்கு மேலா?

சரக்கு முகவர்:
இருவரும் ஒற்றைக் கப்பலையே பார்க்கிறீர்கள். வாராந்திரச் சேவையில் சுற்றுக்குப் பத்து வாரம் பிடித்தால் பத்துக் கப்பல் வேண்டும். போக ஒரு வாரமும் வர ஒரு வாரமும் கூடினால் பன்னிரண்டு. அந்த இரண்டு கப்பலின் வாடகையை யார் கணக்கில் எழுதுவது? தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் எங்கள் பெட்டிகள், அங்கிருந்து ஏற்றிச் செல்லும் பெரிய தாய்க்கப்பலின் அட்டவணை தவறினால் அங்கேயே கிடக்கின்றன. ஏற்றுமதியாளர் எங்களிடம் விழுக்காடு கேட்பதில்லை, தேதி கேட்கிறார்.

எஞ்சின் அறை:
நல்ல செய்தி, ஆனால் இங்கே பேச்சு எரிபொருளைப் பற்றியது.

வரைபட மேசை:
எரிபொருளைப் பற்றியே பேசுவோம். 18 என்கிறீர்களே, நீரின் ஊடாகவா, தரையைப் பொறுத்தா? தென்னாப்பிரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தில் மேற்கு நோக்கிப் போகும் கப்பல் ஏறிக்கொண்டால், இயந்திரம் 18க்குச் சுழல, ஜிபிஎஸ் 21 காட்டும். திரும்பி வரும்போது அதே நீரோட்டத்திலிருந்து விலகிப் பாதை போட வேண்டும். இதையெல்லாம் பார்ப்பது பாதை வகுக்கும் இரண்டாம் அதிகாரி. கீழே அமர்ந்து வெப்பமானி பார்ப்பவர்கள் அல்ல.

எஞ்சின் அறை:
எவர் கிவன் கப்பலைப் பற்றிய இழையிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். 2021 மார்ச்சில் அந்த 400 மீட்டர்க் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக் கிடந்தபோது, காற்று மட்டுமே காரணம் என்று மூன்று பக்கம் எழுதினீர்கள்; கப்பலின் வேகத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதிலே தரவில்லை. அகுல்ஹாஸ் இருக்கட்டும். அதற்கு எதிராகத் தென்மேற்குப் புயல்காற்று வீசினால் அலை எப்படிச் செங்குத்தாக எழும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே! 2024 ஜூலையில் சிஎம்ஏ சிஜிஎம் பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற கொள்கலன் கப்பல் அந்தக் கரையோரத்தில் 44 கொள்கலன்களை இழந்தது. வானிலைக்காக விலகினால் தூரம் கூடும். இழந்த நேரத்தை ஈடுகட்ட வேகம் கூடும். அப்போது உங்கள் மும்மடியே உங்களைத் திருப்பி அடிக்கும்.

வரைபட மேசை:
எவர் கிவனைப் பற்றி நான் எழுதியது இன்றும் அந்த இழையில் இருக்கிறது, படித்துவிட்டுப் பேசுங்கள். 'மட்டுமே' என்ற சொல்லை நான் எழுதவில்லை.

சரக்கு முகவர்:
எழுதினீர்கள். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

வரைபட மேசை:
அது வேறொருவருக்குத் தந்த பதில். நாளொன்றுக்கு 58 விழுக்காடு என்பதை இதுவரை யாரும் மறுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

எஞ்சின் அறை:
சரக்கு ஒரு நாள் மட்டுமா கடலில் இருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் கப்பல்களை, உமிழும் கரிமத்துக்கு உரிமம் கேட்கும் கரிம வணிகத் திட்டத்துக்குள் கொண்டுவந்து, 2024ஆம் ஆண்டு உமிழ்வில் 40 விழுக்காட்டுக்கும் 2025க்கு 70 விழுக்காட்டுக்கும் உரிமம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் எரித்த மொத்த டன்னைத்தான் கேட்பார்கள். நாளுக்கு 58 என்று நீட்டிப் பாருங்கள். ஐந்தாவது முறையாக எழுதுகிறேன்: பயணத்துக்கு 44. துணை இயந்திரத்தைச் சேர்த்தால் அதற்கும் கீழே.

வரைபட மேசை:
மூன்றாவது முறைதான். எண்ணிக்கையிலேயே இவ்வளவு துல்லியம் என்றால், உங்கள் 200 டன்னையும் நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எஞ்சின் அறை:
200 டன் எடுத்துக்காட்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 150 போட்டாலும் விழுக்காடு 44தான் வரும். போட்டுப் பாருங்கள்.