பிய்யும்படி தைக்கச் சொன்ன தொப்பி

கோத்தகிரி தையல்கடை:

நர்ஸ், டாக்டர்கள் ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறியும் தொப்பி, தலையோடு காது, கழுத்தையும் மூடும் ஹூட், முகத்துக்கு முன்னால் நிற்கும் ஃபேஸ் ஷீல்ட் இதையெல்லாம் கையால் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு. கடையைப் பூட்டிவிட்டு மிஷினை வீட்டில் இறக்கியிருந்தேன். ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன் எங்களுக்கு அந்த மாதம்தான், அந்த வருஷம் ஒரு சட்டைகூட வரவில்லை. அப்போது சொந்தக்கார அக்கா ஒருவர் போன் செய்தார், பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். "வந்திருக்கிற தொப்பியெல்லாம் கொண்டை மேலேயே நின்னுடுது, ஏதாவது தைச்சுக் கொடுப்பியா" என்றார். துணிக்கு எங்கே போவது? மாமா கடை மாடியில் ஒரு ரோல் கிடந்தது. கேரிபேக் தைக்க வாங்கியது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது, பார்க்கத் துணி மாதிரியே இருக்கும் இந்த நெய்யாத பையும் பட்டியலில் சேர்ந்துவிட்டதால் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரித் தொப்பியும் இதே பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான், என்ன, இதைவிட ரொம்ப மெல்லிசு.

முதல் நாளே அடி வாங்கினேன். மடிப்பு படியட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தால் துணி சுருண்டு பெட்டியில் ஒட்டிக்கொண்டது, 160 டிகிரி பக்கம் உருகிவிடுமாம். இன்னொன்று ஊசி ஓட்டை. பருத்தித் துணியில் தையலைப் பிரித்தால் நூல் கொஞ்சம் நகர்ந்து ஓட்டை மூடிக்கொள்ளும். இதில் மூடாது, பிரித்துத் தைத்தால் சல்லடைதான். கம்பெனிகளில் ஊசியே இல்லாமல் அதிர்வுச் சூட்டில் ஒட்டுகிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதனால் உச்சந்தலையில் தையலே வராத மாதிரி ஒரே துண்டாக வெட்டி, இணைப்பெல்லாம் பின்பக்கம் கொண்டுபோனேன்.

முதல் மாடல் ஷவர் கேப் மாதிரி வட்டம், சுற்றி எலாஸ்டிக். ஆறு மணி நேரம் போட்ட அக்காவின் நெற்றியில் சிவப்பாகக் கோடு விழுந்துவிட்டது. சரி, நம் ஊர்க்காரர்களுக்குப் பழகினது என்று மங்கி குல்லா வடிவத்தில் காது, கழுத்து எல்லாம் மூடி ஒன்று தைத்துக் கொடுத்தேன். எனக்கு ரொம்பப் பெருமை. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை எப்படிக் கழட்டுவேன்?" தாடையிலிருந்து இழுத்து மூக்கு வாய் மேலேயே உருட்டித்தானே கழற்ற வேண்டும். நாள் முழுக்க வெளிப்பக்கத்தில் பட்டதெல்லாம் முகத்தில். எனக்கு அது தோன்றவே இல்லை.

மூன்றாவது மாடலில் பின்பக்கம் திறப்பு, கொண்டைக்கு ஒரு பை, கழுத்தில் நாடா. குனிந்து முடிச்சை அவிழ்த்தால் முன்பக்கம் சரிந்து தொட்டிக்குள் விழ வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் இரட்டை முடிச்சு போட்டார்கள், கிளவுஸ் கையால் அவிழ்க்க முடியாமல் கத்திரிக்கோலை எடுத்தார்கள். அக்காதான் சொன்னார், ஒரு தடவைதானே போடப் போகிறோம், பிய்கிற மாதிரி தை என்று. இருபது வருஷமாகப் பிய்யாமல் தைக்கப் பழகிய கை, கேட்கவே மாட்டேன் என்றது. பழக்கதோஷத்தில் முதல் பத்துத் தொப்பியிலும் பிரியாமலிருக்க முன்னும் பின்னும் ஓட்டும் ரிவர்ஸ் தையல் போட்டுவிட்டேன். கடைசியில் நாடாவை மூன்றே மூன்று தையலில் பிடிக்க வைத்தேன். பின்னால் ஒரு இழு, கையோடு வந்துவிடும்.

ஊட்டி சிஸ்டர்:

அக்கா, காதை மூடின அந்த மாடலை நீங்கள் விட்டதே நல்லது. எங்கள் வார்டில் முழு ஹூட்தான். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைக்க முடியாது, அதைக்கூட விடுங்கள், பெட்டில் இருக்கும் பாட்டி சொல்வது கேட்காது. தலையைத் திருப்பினாலே காதோரம் சரசரவென்று சத்தம். எனக்கு இந்த மலையில் பேசும் படுக மொழி அரைகுறை, வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் பாட்டிக்கும் மாஸ்க். தண்ணீர் கேட்டாரா, போர்வை கேட்டாரா என்று புரியாமல் இரண்டையும் கொண்டுபோய் நின்றிருக்கிறேன்.

ஃபேஸ் ஷீல்ட் கதை தனி. ஓஎச்பி ஷீட் என்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளில் ஸ்பாஞ்ச் ஒட்டிக் கொடுத்தார்கள், கீழே கோயம்புத்தூரில் அதே ஷீல்டை வைத்து வேலை பார்த்த தோழிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இங்கே 2,240 மீட்டர் உயரம், விடிகாலை டூட்டியில் ஷீட் ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கும், மூச்சு பட்டதும் பனி. பாத்திரம் கழுவும் சோப்பை மெலிசாகத் தேய்த்துத் துடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் ஸ்பாஞ்சை இரண்டு மடங்கு தடிமனாக்கி ஷீட்டை முகத்திலிருந்து தள்ளி நிறுத்தினோம், ஸ்பாஞ்ச் நடுவில் ஒரு சின்ன இடைவெளியும் விட்டோம், மூச்சு மேலே போக. பனி குறைந்தது. மேலே திறந்திருந்தால் தெறிப்பது உள்ளே வராதா என்று ஒரு டாக்டர் கேட்டார். வரும்தான். அதனால் நெற்றிக்கு மேல் தொப்பியை ஒரு விரற்கடை முன்னால் நீட்டி மூடினோம்.

கொடை மாணவன்:

எங்கள் கல்லூரி மூடியிருந்த சமயம், நண்பனின் 3டி பிரிண்டரில் ஷீல்ட் ஃபிரேம் அடித்தோம். ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொடைக்கானலில் காற்றடித்தால் கரண்ட் போகும், பாதியில் நின்ற ஃபிரேம் எதற்கும் ஆகாது. அதை விட்டுவிட்டு, ஷீட்டையும் தொப்பியையும் ஒட்டி ஒரே பீஸாகச் செய்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போடுகிறவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கழிவு ரூமில் இருந்த அண்ணன்தான் பிடித்துக்கொண்டார்: "தம்பி, இது மஞ்சள் பையா, சிவப்புப் பையா?" மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொரோனா சமயத்தில் போட்ட விதியில் தொப்பி மஞ்சள் பைக்கு, எரிக்கப் போவது. ஷீல்ட் சிவப்புப் பைக்கு, கிருமி நீக்கி பிளாஸ்டிக்காக எடுக்கப் போவது. நான் ஃபெவிக்விக் வைத்து ஒட்டியிருந்தேன். அவர் பிய்க்கப் பார்த்தால் கிழிந்து தொங்குகிறது. மொத்தம் நாற்பது பீஸ், திரும்ப வீட்டுக்கே வந்துவிட்டது.

வெல்க்ரோ வைக்கலாமா என்று யோசிக்கிறேன் அக்கா, விலைதான் கட்டவில்லை.

கோத்தகிரி தையல்கடை:

வெல்க்ரோ வேண்டாம் தம்பி, அதிலேயே அழுக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த மூன்று தையலையே வை. ஆனால் பாலியஸ்டர் நூல் போடாதே, நூல் அறாது, துணிதான் கிழியும், நான் பட்டிருக்கிறேன். பழைய பருத்தி நூல் இருந்தால் நல்லது.

ஊட்டி சிஸ்டர்:

இழுக்கிற முனை பின்னால் வரட்டும் தம்பி. முன்னால் கையே வைக்கக் கூடாது.