குடும்பிமலையில் அந்தி வெயில் எந்தப் பக்கம் விழும்?

வட்டைக்காரன்:
‘செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட்’ விளையாட்டின் நாயகன் லிங்க், மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரானுக்கு மேற்கே ஒரு வட்டையில் (வயல்வெளியில்), வரம்பில் நின்று குடும்பிமலையைப் பார்க்கிறான். மூன்று வாரமாகக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் கீறிய ரசிகர் ஓவியம். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது. பாறை முழுக்கச் செம்மஞ்சள், வேளாண்மை (நெற்பயிர்) நல்ல பச்சை. எங்கள் ஊரிலும் ஒரு சாகச உலகம் இருக்கிறது என்று காட்ட ஆசை. உள்ளதைச் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
தம்பி, ஆளைச் சின்னதாக, முதுகுப் பக்கமாகக் காட்டியது நல்ல தெரிவு. மலையின் அளவே அதனால்தான் தெரிகிறது. ஆனால் வெயில் பிழை. அங்கே நின்றால் மலை மேற்கில். சூரியன் அதற்குப் பின்னால் இருக்கும்போது நம்மைப் பார்க்கும் பாறை முகத்தில் செம்மஞ்சள் எப்படி விழும்? அது காலை வெயில்.

சம்மாந்துறை நிலா:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாகசப் படத்தில் நிறம் ஆளைக் கூப்பிட வேண்டும். இருண்டுபோன மலையை நோக்கி யாருக்கு நடக்க மனம் வரும்? தம்பி, செம்மஞ்சளைக் கைவிடாதீர்கள்.

வாவிக்கரை:
கூப்பிடுவது நிறம் மட்டுமில்லை. அந்த விளையாட்டை ஆக்கியவர்கள் 2017இல் தங்கள் முக்கோண முறையை விளக்கினார்கள். நிலமெங்கும் பெரிதும் சிறிதுமாக முக்கோண மேடுகள். ஒவ்வொன்றும் பின்னால் இருப்பதை மறைக்கும்; ஏறுவதா, சுற்றிப் போவதா என்று ஆடுபவர் யோசிப்பார். இந்தப் படத்தில் எல்லாமே திறந்து கிடக்கிறது. முன்னால் ஒரு பாறை மேட்டை வைத்து அடிவாரத்தை மறைக்கலாம்.

சம்மாந்துறை நிலா:
வேண்டவே வேண்டாம். சமதரையிலிருந்து, தலையில் குடும்பி முடிந்தது போல எழும்புவதுதான் அந்த மலையின் உருவம், பெயரும் அதனால்தான். மேட்டை வைத்தால் அது வேறெங்கோ ஒரு மலை. முக்கோணம் வேண்டுமென்றால் வட்டைக்குள் ஒரு காவல் வாடி (குடில்) போடுங்கள். கிடுகுக் கூரையே முக்கோணம்தானே.

வாவிக்கரை:
வாடி என் மேட்டை விட நல்லது, சரி. நிறத்தில் விடமாட்டேன். தம்பி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு லேயர் வைத்து, அதன் பிளெண்டிங்கை, அதாவது கீழே உள்ளதோடு கலக்கும் முறையை, ‘கலர்’ ஆக்கிப் பாருங்கள். படம் சாம்பல் நிறமாகும்.

வட்டைக்காரன்:
பார்த்தேன் அண்ணன். மலையையே காணோம்! பாறையும் வேளாண்மையும் ஒரே சாம்பல்.

வாவிக்கரை:
அதுதான் நோய். நிறம் வேறு, வெளிச்ச அளவு ஒன்று. அந்தி வேண்டுமென்றால் மலையை இருட்டுங்கள்.

சம்மாந்துறை நிலா:
இருட்டினாலும் கறுப்பு ஆக்காதீர்கள். இடையில் இருக்கிற காற்றும் தூசியும் அந்த ஒளியைப் பிடிக்கும். தூரத்து மலை ஊதா கலந்த மண் நிறமாகத்தான் தெரியும். அடிவாரம் வெளிறிக் கரையும், உச்சி விளிம்பு மட்டும் கூராக நிற்கும். எங்கள் வயலில் நின்று எத்தனை அந்தியில் பார்த்திருக்கிறேன், கடலோரப் பனையை விட உள்நாட்டு மலை எப்போதும் மெல்லிய நிறம்.

வட்டைக்காரன்:
நான் நேரத்தையே மாற்றினால்? விடியற்காலை. சூரியன் நமக்குப் பின்னால். பாறையில் செம்மஞ்சள் நியாயமாக விழும். லிங்க்கின் நிழலும் வரம்பு வழியே நீண்டு மலையைக் காட்டும்.

வாவிக்கரை:
அந்த நிழலுக்காகவே மாற்றுங்கள். பச்சையை இன்னும் இரண்டு படி இறக்குங்கள், பாறை தானாக முன்னுக்கு வரும். மலைக்குப் பின்னால் உள்ள சூரியனை அழித்துவிடுங்கள், அங்கே வெளிறிய நீலம் போதும்.

சம்மாந்துறை நிலா:
வாடிக் கூரையின் கிழக்குப் பக்கத்திலும் கொஞ்சம் செம்மஞ்சள் தொடுங்கள். மலையில் மட்டும் இருந்தால் ஒட்டாது.