ஜிஸ்யா கட்டினவங்க நிலைமை உண்மையில எப்படி இருந்தது?

வைகைக்கரை:
வணக்கம். எம்.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். இஸ்லாமிய ஆட்சியில 'திம்மி'களோட, அதாவது ஜிஸ்யாங்கிற தலைவரி கட்டிப் பாதுகாப்புல வாழ்ந்த முஸ்லிம் அல்லாதவங்களோட, சட்ட நிலை பத்தி செமினார் கொடுக்கணும். ஒரு பக்கம் "முழுப் பாதுகாப்பு, வழிபாட்டு உரிமை"ங்கிறாங்க. இன்னொரு பக்கம் "அவமானம், அடிமைத்தனம்"ங்கிறாங்க. ஒரே சட்டத்துக்கு எப்படி ரெண்டு கதை? எதைப் பிடிச்சு ஆரம்பிக்கலாம்?

கணக்கெழுதி:
தம்பி, எகிப்துல ஆரம்பிங்க. சட்ட நூலைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு ரசீதுகளைப் பாருங்க. நான் 26 வருஷம் வரி ஆலோசகர் ஆபீஸ்ல கணக்கு எழுதினவ. சட்டத்துல விலக்கு இருக்கும். அது கிடைக்காம ஒருத்தர் எதிரே வந்து உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துப் பழகினதாலதான் இந்த விஷயம் எனக்குள்ள போயிடுச்சு.

சட்டம் சொன்னது இதுதான். வருஷா வருஷம் ஜிஸ்யா கட்டினா யூதர், கிறிஸ்தவர் உயிருக்கும் சொத்துக்கும் வழிபாட்டுக்கும் காப்பு. கல்யாணம், வாரிசு வழக்கை அவங்க மன்றத்திலயே தீர்த்துக்கலாம். பதிலுக்குப் புதுசா கோயில் கட்டக்கூடாது, குதிரை ஏறக்கூடாது, உடையில அடையாளம் வேணும், முஸ்லிமுக்கு எதிரா சாட்சி செல்லாது. இஸ்லாமியச் சட்டப் பள்ளிகள்ல ஒண்ணான ஹனஃபி சட்டத்துல வருஷ வரி ஏழைக்கு 12, நடுத்தரத்துக்கு 24, பணக்காரருக்கு 48 திர்ஹம் (வெள்ளிக்காசு). பெண்கள், குழந்தைகள், உழைச்சுப் பிழைக்க முடியாதவங்களுக்குக் கிடையாது.

இப்போ பழைய கெய்ரோவுக்கு, ஃபுஸ்தாத்துக்கு வாங்க. அங்க பென் எஸ்ரா யூதத் தொழுகைக் கூடத்துல, கடவுள் பேர் எழுதின தாளைத் தூக்கி எறியக்கூடாதுன்னு ஓர் அறைக்குள்ள போட்டுக்கிட்டே வந்தாங்க. அதுக்கு கெனிசான்னு பேர். 1896-97ல அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போனது மட்டும் ஏறக்குறைய 1,93,000 துண்டு. வேத வரிகளோட கடைக்கணக்கு, கல்யாண ஒப்பந்தம், பிச்சை கேட்டு எழுதின கடிதம் எல்லாம் கலந்து கிடந்தது.

அந்தக் கடிதங்கள்ல வரி வசூல் காலம் வந்தாலே பயம்தான். வசூலிக்கிறவனுக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கிட்டு உள்ளேயே கிடக்கிறவர், வெளியே போய்ச் சம்பாதிக்க முடியாம பிள்ளைங்க பட்டினின்னு எழுதுறவர். கட்டலைன்னா சிறை. ஊர் விட்டு ஊர் போகணும்னா வரி கட்டின ரசீது மடியில இருக்கணும். 12-ம் நூற்றாண்டுல எகிப்தை ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன் காலத்துல ஏழைக்கான கீழ்விகிதம் ஒன்றரையே அரைக்கால் தினார் (தங்கக்காசு), அதாவது 1.625. அடுத்து இதைப் பாருங்க: ஒரு சாதாரண குடும்பம் 2 தினார்ல ஒரு மாசம் ஓட்டலாம். பெரிய வியாபாரிக்கு இது தூசு. கூலிக்காரர் குடும்பத்துக்கு மூணு வாரத்துக்கு மேலான செலவு.

இந்தத் தாள்களோட பல வருஷம் வாழ்ந்தவர் வரலாற்றறிஞர் கொய்ட்டீன். ஜிஸ்யா லேசான வரின்னுதான் அவரும் முதல்ல நினைச்சிருந்தார். கடிதங்களைப் படிச்ச பிறகு கருத்தை அடியோட மாத்திக்கிட்டார். உங்க 'ரெண்டு கதை'க்கு விடை இதுலயே இருக்குன்னு நான் நினைக்கிறேன். சட்டம் எழுதினவங்களையும் பணக்காரங்களையும் கேட்டா ஒரு கதை வரும், ஏழையைக் கேட்டா வேற கதை வரும்.

நீலக்கடல்:
அந்தக் காலத்தை அந்தக் காலத்தோட ஒப்பிடணும் இல்லையா? 1290ல இங்கிலாந்து யூதர்களைத் துரத்துச்சு. 1492ல ஸ்பெயின் துரத்தினப்போ உஸ்மானிய அரசுதான் கதவு திறந்துச்சு. காசு கட்டினா இருக்கலாம்ங்கிறதே அன்னிக்குப் பெரிசு.

கணக்கெழுதி:
நீங்க சொல்றது உண்மை. அதை நான் குறைச்சுப் பேசமாட்டேன். ஆனா ஐரோப்பாவைக் காட்டி கெய்ரோ ஏழையோட பட்டினியை ஈடுகட்ட எனக்கு மனசு வரலை.

ஒப்பிடணும்னா இஸ்லாமிய ஆட்சிகளையே ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாருங்க. 1148ல வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் அரசமரபான அல்மொஹாதுகள் ஸ்பெயின்ல இருக்கிற கோர்தோபாவைப் பிடிச்சதும் திம்மி ஒப்பந்தமே போச்சு. மதம் மாறு, இல்லைன்னா கிளம்புன்னாங்க. யூத அறிஞர் மைமோனிடெஸ் குடும்பம் ஓடி, கடைசியில ஃபுஸ்தாத்துல வந்து நின்னுச்சு. அங்க அவர் யூதர்களுக்குத் தலைவராகவும் அரண்மனை வைத்தியராகவும் ஆனார். ஓர் இஸ்லாமிய ஆட்சியிலிருந்து இன்னோர் இஸ்லாமிய ஆட்சிக்குத் தப்பி வந்தவர் அவர்! அதே எகிப்துல, அதுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னாடி கலீஃபா அல்ஹாகிம் தொழுகைக் கூடங்களை இடிச்சார். 1009ல ஜெருசலேம் புனிதக் கல்லறைத் தேவாலயத்தையும் இடிச்சார். பிறகு அவரே, கட்டாயமா மதம் மாறினவங்க பழைய மதத்துக்குத் திரும்பலாம்னு விட்டார். சட்ட நூல்ல எங்கேயும் அதே ஒப்பந்தம்தான். யார் கையில இருந்ததுங்கிறதுதான் மாறுச்சு.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிம்மா. பெண்களுக்கு வரி இல்லைன்னா, புருஷன் ஓடிப்போன வீட்டுல யார் கட்டுவாங்க?

கணக்கெழுதி:
ஓடினவரோட அண்ணன் தம்பியையோ மகனையோ பிடிப்பாங்க. இல்லாதவங்களுக்காக ஊர் யூதர்கள் தங்களுக்குள்ள பணம் திரட்டினாங்க. தர்மக் கணக்குல ரொட்டி, துணியோட ஏழைகளோட ஜிஸ்யாவும் ஒரு செலவு.

கேம்பிரிட்ஜ் நூலகம் இந்தத் தாள்களைப் படமா இணையத்துல போட்டிருக்கு, பெரிசாக்கிப் பாருங்க. சலாஹுத்தீனுக்கு முன்னாடி எகிப்தை ஆண்ட ஃபாத்திமித் அரசமரபோட அரசாணை ஒண்ணு, ரெண்டு வரிக்கு நடுவுல நிறைய இடம் வெள்ளையா விட்டு அரபியில எழுதினது. அதைத் துண்டா வெட்டி எடுத்து, அந்த வெத்திடத்துல யூத எழுத்தர் பொடிப்பொடியா எபிரேயத்துல பிரார்த்தனை எழுதியிருப்பார். செமினார்ல முதல் ஸ்லைடா அதை வைங்க.